மாணாக்கர் தாமே எழுதும் நூல்
ஆரம்ப வகுப்பும் புதிய கருவிகளும்

ஆரம்பப் பாடசாலையில் ‘எழுத்து’ என்னுஞ் சொல் இருபொருள்பட வழங்குகின்றது. அகர முதலாய வரிவடிவங்களைப் பிழையின்றி வரைதல் ஒன்று. தன் மனத்துள்ளதைப் பிறர் அறியுமாறு சொல்லாக்கித் தருதல் மற்றொன்று. நமது வகுப்பறைகள் முன்னையதிலேயே பெரிதுங் கருத்தூன்றி, பின்னையதை மேல்வகுப்புக்களுக்கு உரியதென ஒதுக்கி வந்துள்ளன. பசுவைப் பற்றிப் பத்து வசனம், தைப்பொங்கலைப் பற்றிப் பத்து வசனம் என்னும் அளவோடு தரம் 5 கழிந்துவிடுகின்றது. அவ்வசனங்களை வாசிப்பவர் ஆசிரியர் ஒருவரே. அவரும் பிழை காண்பதற்காகவே வாசிக்கின்றார். பிள்ளைகள் தாமே ஒரு பொருளைத் தேர்ந்து, விசாரித்து, எழுதி, திருத்தி, நூலாகக் கட்டிப் பிறர் கையிற் கொடுக்கும் முறை இதற்கு மாறானது. அம்முறையையும், அதனோடு காலந்தோறும் வந்து சேர்ந்த கருவிகளையும் இங்கே ஆராய்வோம். புத்தளம் மாவட்டத்துக் கரையோரத்தை முன்வைத்தே பேசுகின்றோம். இக்கரைக்கு இம்முறை எவ்வளவு வேண்டப்படுவது என்பது பின்னர்ப் புலனாகும்.

கருவிகளின் கதை மணலிலிருந்து தொடங்குகின்றது. திண்ணைப் பள்ளியிற் பிள்ளை மணலில் விரலால் எழுதிப் பழகிய பின்னரே ஓலையும் எழுத்தாணியும் அவன் கைக்கு வந்தன. இதைப் பழமை என்று நாம் எண்ணுகின்றோம். ஒரு காலத்தில் இங்கிலாந்துக்கு இதுவே புதுமையாயிருந்தது. 1789 ஆம் ஆண்டிற் சென்னை எழும்பூரில் ஆண் அநாதைப் பிள்ளைகளுக்கென ஒரு விடுதிப் பள்ளி நிறுவப்பட்டது. அதன் மேற்பார்வையாளராயிருந்த அன்ட்ரூ பெல் என்னும் ஸ்கொத்லாந்துக் குருவானவர், ஒரு நாட்காலை குதிரைமீது செல்லுகையில், தமிழ்ப் பிள்ளைகள் நிலத்திலமர்ந்து மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார். தம் பள்ளியிலும் அவ்வாறே அரிச்சுவடியைக் கற்பிக்குமாறு ஆசிரியர்களைப் பணித்தார். அவர்கள் அதனை ஏற்றுச் செய்ய மனங்கொள்ளவில்லை. எனவே ஜோன் பிரிஸ்கின் என்னும் எட்டு வயதளவிலான மாணவனையே கீழ்வகுப்புக்கு ஆசானாக நிறுத்தினார். காரியம் இனிது நடந்தது. 1797 இல் இலண்டனில் அவர் வெளியிட்ட அறிக்கையின் பின், மணற்றட்டும் மாணவனே மாணவனுக்குக் கற்பிக்கும் முறையும் ஆங்கிலப் பள்ளிகளிற் பரவின. ‘மதராஸ் முறை’ என்றே அது பெயர் பெற்றது. ஆசிரியர்கள் மறுத்த கருவியை ஒரு சிறுவன் கையாண்டு காட்டினான் என்பதை இக்காலத்தார் கவனித்தல் தகும். கைத்தொலைபேசியைப் பிள்ளையிடம் கேட்டுக் கற்கும் பெரியோர் இன்று எத்தனை பேர்!

மணலுக்கு ஒரு பெருஞ் சிறப்புண்டு. தவறினால் அழிக்கலாம், அழித்தது எவர்க்குந் தெரியாது. சிலேற்றுக்கும் இச்சிறப்பு உண்டு. ஆயின் இரண்டிலும் எழுதியது நில்லாது. நிற்கும் எழுத்தை ஆரம்ப வகுப்புக்குக் கொணர்ந்தது அச்சு. நமது நாட்டில் இதற்கு முதற்கண் நினைக்கப்பட வேண்டியவர் ஆறுமுக நாவலரேயாவர். 1848 இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய அப்பெரியார், அடுத்த ஆண்டிலேயே சென்னை சென்று அச்சியந்திரம் வாங்கி வந்தார். பள்ளிக்கூடமுண்டு, பிள்ளைகளுண்டு, படிப்பதற்குத் தக்க உரைநடைப் புத்தகம் இல்லை. ஆதலின் அச்சியந்திரம் வேண்டும் என்பதே அவர் கண்ட முறை. பாலபாடங்கள் அங்ஙனம் பிறந்தன. கருவியை முதலில் வாங்கி வைத்துவிட்டு அதற்கு வேலை தேடுவது பிற்கால வழக்கம்.

நாவலரின் அச்சு பிள்ளைகளுக்காக நூல் செய்தது. பிள்ளைகளே நூல் செய்வதற்கு அச்சைத் தந்தவர் பிரான்ஸ் தேசத்து ஆரம்பப் பாடசாலை ஆசிரியர் செலெஸ்தென் பிரெனே. முதலாம் உலகப் போரில் நுரையீரலிற் காயம்பட்ட இவர் 1920 இல், அந்நாட்டின் தென்கீழ்ப் புறத்து மலைப்பாங்கான பார்-சூர்-லூ என்னும் ஊரிற் பணியேற்றார். நெடுநேரம் உரத்துப் பேச அவரால் இயலவில்லை. எனவே பிள்ளைகளை வெளியே உலாவ அழைத்துச் சென்றார். வயலிலும் தொழிற்கூடத்திலும் கண்டவற்றைப் பற்றி அவர்கள் ஆர்வத்தோடு பேசினர். திரும்பி வந்து பாடப்புத்தகத்தைத் திறந்தவுடன் அவ்வார்வம் அணைந்து போயிற்று. கண்டதையே சிறு வாசகமாகக் கரும்பலகையில் எழுதிப் படிப்பித்தார். மறுநாள் அதுவும் அழிக்கப்பட்டது. அதனை நிலைபெறச் செய்யும் வழியாக 1924 அளவில் ஒரு சிறு கையச்சுப் பொறியை வகுப்பறைக்குள்ளே கொணர்ந்தார்.

அப்பொறி செய்த வேலையைச் சற்று விரித்துக் கூறல் வேண்டும். பிள்ளை தான் விரும்பியதை எழுதி வந்து வகுப்பில் வாசிப்பான். எதனை அச்சிடுவது என்பதைப் பிள்ளைகள் கூடித் தீர்மானிப்பர். தேர்ந்த வாசகம் கரும்பலகையில் எழுதப்படும். எழுதியவனும் தோழரும் ஆசிரியரும் சேர்ந்து அதனைச் சீராக்குவர். பின் ஈய எழுத்துக்களை ஒவ்வொன்றாய் எடுத்துக் கோப்பர். ஓர் எழுத்துத் தவறினால் அத்தவறு அச்சிடும் அத்தனை தாளிலும் வரும். ஆசிரியரின் சிவப்பு மைக்கு அஞ்சாத பிள்ளையும் இதற்கு அஞ்சினான். எழுத்துப்பிழை ஆசிரியருக்கு விரோதமான குற்றமாக இராது, வாசிப்பவருக்கு இடையூறாக இப்போதுதான் அவனுக்குத் தோன்றலாயிற்று.

வாசிப்பவர் யார்? பிரெத்தானியக் கடற்கரையிலுள்ள திரேகங்க் என்னும் ஊரில் ரெனே தனியேல் என்னும் ஆசிரியரும் அவ்வாறே ஓர் அச்சுப்பொறி வைத்திருந்தார். மலைநாட்டுப் பிள்ளைகளின் தாள்கள் கடற்கரைக்கும், கடற்கரைப் பிள்ளைகளின் தாள்கள் மலைநாட்டுக்கும் தபாலிற் சென்றன. தம்மூரில் யாவரும் அறிந்த ஒன்றைத் தெரியாத ஒருவனுக்கு விளக்க வேண்டிய கட்டாயம் இருசாராருக்கும் ஏற்பட்டது. எழுத்துக்கு இதனினும் நல்ல ஆசான் இல்லை என்பது எமது துணிபு.

இனி நமது கரைக்கு வருவோம்.

கற்பிட்டித் தீபகற்பம், புத்தளங் களப்பு, உப்பளங்கள், முந்தற் களப்பு, உடப்பு, முன்னேசுவரம், சிலாபம் என நீளும் இக்கரையோரத்திற் புழங்குந் தமிழ் ஒருவகைத்தன்று. இந்துக்கள், முஸ்லிம்கள், கத்தோலிக்கர் ஆகிய மூவர் வீட்டிலும் அது வெவ்வேறு நிறங் காட்டும். 1990 ஆம் ஆண்டு ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களிற் பெரும்பகுதியினர் இம்மாவட்டத்திலே தங்கினமையால், மன்னாரும் யாழ்ப்பாணமும் முல்லைத்தீவும் பேசிய தமிழும் இங்குள்ள வகுப்பறைகளிற் கலந்தது. மற்றொருபுறம், நீர்கொழும்பு முதல் சிலாபம் ஈறாகவுள்ள கத்தோலிக்க மீனவ ஊர்கள் பலவற்றிற் சென்ற நூற்றாண்டிலே பாடசாலை மொழி சிங்களமாக மாறியது. அதைத் தொடர்ந்து வீட்டு மொழியும் படிப்படியாய் மாறிற்று. பாட்டி தமிழிற் பேசப் பேரன் சிங்களத்தில் விடை கூறும் வீடுகள் அங்குண்டு. இரு மொழியும் அறிதல் பெருஞ் செல்வம். அதனை நாம் குறை கூறவில்லை. பள்ளிக்கூடத்தில் எழுதப்படாத பேச்சு வீட்டிலும் நெடுங்காலம் நில்லாது என்பதற்கு இவ்வூர்கள் சான்று என்பதையே குறிக்கின்றோம்.

கரைவலையை எடுத்துக்கொள்வோம். மடி, வாடி, பாடு, சம்மாட்டி, மண்டாடி, கச்சான், வாடை என்னுஞ் சொற்களைக் கடலோரத்துப் பிள்ளை ஆறு வயதுக்குள் அறிவான். வலையிழுப்போர் கயிற்றுக்குக் கைகொடுத்துப் பாடும் அம்பாவை அவன் செவி அறியும். உடப்பு அப்பாடலுக்குப் பெயர் பெற்ற ஊர். எனினும் பாடப்புத்தகத்தில் இவற்றுள் ஒன்றிரண்டு காணப்படின் அதுவே பெரிது. கொழும்பிலிருந்து நாடு முழுவதற்கும் ஒன்றாய் அச்சிடப்படும் நூல் ஒவ்வோர் ஊரின் சொல்லையும் ஏந்த முடியாது. அது நூலாசிரியரின் தவறன்று. அக்குறையை நிரப்பும் இடம் வகுப்பறை ஒன்றே. தரம் 4 பிள்ளைகள் முப்பது பேர், ஆளுக்கொரு பக்கமாகக் கரைவலையைப் பற்றி எழுதினால் முப்பது பக்க நூலொன்று அமையும். ஒருவன் வலை பொத்துதலை எழுதுவான். ஒருத்தி கருவாடு போடுதலை எழுதுவாள். மீன் பங்கிடும் முறையைத் தந்தையிடம் கேட்டு ஒருவன் எழுதுவான். உப்பளத்திற் பாத்தி கட்டுவோர் வீட்டுப் பிள்ளைக்கும், மன்னாரிலிருந்து வந்த பாட்டனார் பழைய ஊரைப் பற்றிக் கூறுவதைக் கேட்டிருக்கும் பிள்ளைக்கும் வேறு பொருள் உண்டு. அத்தகைய நூல் வேறெங்கும் விலைக்குக் கிடையாது.

கற்பிட்டியிற் பிறந்த ஒருவரே இதற்கு நமக்கு முன்மாதிரி என்று சொல்லலாம். 1807 இற் பிறந்த சைமன் காசிச்செட்டி, தாம் பிறந்து பணியாற்றிய நாட்டின் ஊர்களையும் மக்களையும் வழக்கங்களையும் விசாரித்து அறிந்து, 1834 இல் இலங்கை இடவிவர அகராதியை ஆங்கிலத்தில் வெளியிட்டபோது அவருக்கு வயது இருபத்தேழு. 1841 இல் ‘உதயாதித்தன்’ என்னுந் தமிழ் மாத இதழை நடத்தினார். யாழ்ப்பாணத்தில் ‘உதயதாரகை’ தோன்றியதும் அவ்வாண்டே. 1859 இல் தமிழ்ப் புலவர் வரலாற்றைத் தொகுத்து அச்சேற்றினார். ஊரை விசாரித்து எழுதுவது ஒரு பெருந்தொழில் என்பதை இக்கரையோரம் நூற்றெண்பது ஆண்டுகளுக்கு முன்னரே கண்டிருக்கின்றது.

எழுத்துவேலை நடைபெறும் முறையில் ஆசிரியர்க்கு வரும் முதல் இடர்ப்பாடு, பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் இடைப்பட்ட தூரம். ‘வந்தாங்க’ என்று சொல்லும் பிள்ளை ‘வந்தார்கள்’ என்று எழுத வேண்டும். முதல் வரியிலேயே அதனைத் திருத்தினால் பிள்ளை இரண்டாம் வரியை எழுதான். திருத்தாமலே விட்டால் எழுத்து நடை அவனுக்கு என்றும் வாராது. அமெரிக்காவில் டொனால்ட் கிரேவ்ஸ் என்பார் சிறு பிள்ளைகள் எழுதும்போது அருகிருந்து நெடுங்காலம் கவனித்து 1983 இல் ஒரு நூல் வெளியிட்டார். எழுதுதல் ஒரே மூச்சில் முடியும் காரியமன்று. முதற்படி, மறுவாசிப்பு, திருத்தம், செப்பம் எனப் பல நாள் நீளும் வேலை. பிழை திருத்துங் காலம் இறுதியிலேயே வரும் என்பது அவர் கண்ட முடிபு. தமிழுக்கு இது இருமடங்கு பொருந்தும். முதற்படியிற் பிள்ளை தன் வாய்மொழியிலேயே எழுதட்டும். இரண்டாம் நாள் தோழனுக்கு வாசிக்கட்டும். தோழனுக்கு விளங்காத இடத்தை அவனே கண்டுகொள்வான். மூன்றாம் நாள் ஆசிரியர் அருகமர்ந்து, நூலாக்கும் பொருட்டு நடையை மாற்றட்டும். மடி, பாடு முதலிய தொழிற் சொற்களை மாத்திரம் தொடலாகாது. அவை கொச்சையல்ல, அகராதிக்குச் செல்ல வேண்டிய சொற்கள்.

இவ்விடத்தே புதிய கருவிகளின் உதவி தொடங்குகின்றது. தொல்லையும் உடன் தொடங்குகின்றது.

கொப்பியில் எழுதியதை மூன்றுமுறை திருத்தி மூன்றுமுறை படியெடுக்குமாறு எட்டு வயதுப் பிள்ளையை ஏவுவது கொடுமை. கணினித் திரையில் ஒரு சொல்லை எடுத்து மற்றொன்றை வைக்கலாம். வசனத்தை மேலுங் கீழும் மாற்றலாம். அழித்த சுவடு தெரியாது. மணலின் சிறப்பும் அச்சின் நிலைபேறும் ஒன்றாய்க் கூடிய கருவி அது. ஆயினும் தமிழ் எழுதும் பிள்ளைக்கு அங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. ‘கொ’ என்று கையால் எழுதும்போது முதலில் ஒற்றைக்கொம்பு, பின் ககரம், பின் கால் என்று கண்ட வரிசையில் எழுதுகின்றோம். சுண்டிக்குளியைச் சேர்ந்த முத்தையா அவர்கள் சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் ஆக்கிய தமிழ்த் தட்டெழுத்துப் பொறியிலும் கண் காணும் வரிசையே கைக்கும் வரிசை. இன்றைய கணினி உள்ளே எழுத்தைச் சேமிக்கும் ஒருங்குறி முறையிலோ முதலில் ககரமெய்யேறிய எழுத்து, பின் ஒகரக் குறி. அக்குறியே தானாகப் பிரிந்து இருபுறமும் நிற்கும். கைத்தொலைபேசியின் தமிழ் விசைகளிற் பெரும்பாலானவை இவ்வாறே இயங்கும். செவிக்கு இது பொருத்தமே: ககரத்தோடு ஒகரஞ் சேர்ந்தது கொகரம் என்னும் இலக்கணத்தை விரலே கற்றுக்கொள்ளும். கையெழுத்து நன்கு பதியாத தரம் 1, 2 பிள்ளைக்கு மாத்திரம் இரு வரிசையும் மோதும். ஆதலின் தரம் 3 வரை கையெழுத்தே போதும் என்பது எமது கருத்து.

இதனினும் பெரிய கேடு, ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழ் வருவிக்கும் பழக்கம். பெரியோர்க்கு அது வசதி. தமிழ் அரிச்சுவடியே முற்றுப்பெறாத பிள்ளைக்கு லகர ளகர ழகர வேறுபாடும், னகர நகர ணகர வேறுபாடும் அதனால் மங்கிப் போகும். தொலைபேசி தானே சொல்லை ஊகித்து நீட்டும் உதவியும் எச்சரிக்கைக்குரியது. அது பலர் எழுதிய சொல்லையே நீட்டும். மண்டாடியை அது அறியுமா? பிள்ளை எழுத நினைத்த ஊர்ச்சொல்லுக்குப் பதிலாக அது காட்டும் பொதுச்சொல்லில் விரல் படுவது எளிது. 2017 இற் கூகிள் நிறுவனம் தன் குரல்வழி எழுதும் கருவியிலே தமிழையுஞ் சிங்களத்தையும் சேர்த்தது. பேசியதைத் திரையில் எழுத்தாய்க் காணுதல் பிள்ளைக்கு விந்தை. எழுதும் உழைப்புக்கு அது ஈடாகாது.

கருவியைக் கொடுத்தாற் கல்வி தானே வரும் என்னும் நம்பிக்கையைப் பெரு தேசம் பெருஞ் செலவிற் சோதித்துப் பார்த்தது. பிள்ளைக்கொரு மடிக்கணினி என்னுந் திட்டத்தின்கீழ் அந்நாட்டுக் கிராமப் பாடசாலைகளுக்குக் கணினிகள் வழங்கப்பட்டன. 319 பாடசாலைகளை ஒப்பிட்டு ஆராய்ந்து 2012 இல் வெளியிடப்பட்ட ஆய்வு, கணிதத்திலும் மொழியிலும் பிள்ளைகளின் அடைவு உயர்ந்ததற்குச் சான்றில்லை என்றது. கணினி இருந்தது, அதைக்கொண்டு வகுப்பில் என்ன செய்வதென்பது ஆசிரியர்க்குப் போதியவாறு காட்டப்படவில்லை. நாவலர் கண்ட முறை அங்கே தலைகீழாயிற்று.

நமது நாட்டில் 2020 மார்ச்சிற் பாடசாலைகள் மூடப்பட்டபோது கைத்தொலைபேசியே பள்ளிக்கூடமாயிற்று. வாட்ஸ்அப் வழியே வினாத்தாள் வந்தது. விடையின் படம் போயிற்று. தொலைபேசியில்லா வீட்டுப் பிள்ளை வெளியே நின்றான். ஒரு தொலைபேசியை மூன்று பிள்ளைகள் பகிர்ந்த வீடுகளும், தந்தை தொழிலுக்குப் போனால் தொலைபேசியும் உடன் போன வீடுகளும் பலவுண்டு. அடுத்து 2022 இல் வந்த நெருக்கடியிற் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்திலே தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. ஈராண்டு இடைவெளியில், முதலில் திரையில்லாமையும் பின்னர்த் தாளில்லாமையும் வகுப்பறையை நிறுத்தின.

எனினும் ஆசிரியரிடமுள்ள ஒரே கைத்தொலைபேசி ஒரு வகுப்பு முழுவதற்கும் எழுத்துக் கருவியாகலாம். பிள்ளைகள் கடற்கரைக்குச் சென்று அம்பாவை அதிற் பதிவுசெய்து, வகுப்பில் அடியடியாய் நிறுத்திக் கேட்டு, ஏட்டில் எழுதலாம். கேட்டதை எழுத்தாக்குவது போன்ற மொழிப்பயிற்சி வேறில்லை. ஓரடியை நாலுபேர் நாலுவிதமாய் எழுதி வாதாடும்போது இலக்கணம் தானே வகுப்பினுள் நுழையும். எழுதிய பக்கங்களைப் படமெடுத்து மலைநாட்டுத் தோட்டப் பாடசாலையொன்றுக்கு அனுப்பலாம். கொழுந்து பறித்தலைப் பற்றி அங்கிருந்து வரும் பக்கங்களை இங்கே வாசிக்கலாம். பிள்ளைகளின் முகமும் வீட்டு முகவரியும் அவற்றோடு செல்லாதிருக்கக் காத்தல் ஆசிரியர் கடன்.

இக்கரைக்கே உரிய மற்றொரு வாய்ப்பும் உண்டு. கச்சான் வீசும் மாதங்களில் மேற்குக்கரை மீனவர் கிழக்குக்கரைக்குத் தொழில் பெயர்ந்து செல்வது பழைய வழக்கம். அக்காலங்களில் தந்தைக்குக் கடிதம் எழுதுவதே பிள்ளையின் முதல் எழுத்துவேலையாய் இருந்தது. இன்று தொலைபேசியிற் பேசிவிடுகின்றார்கள், கடிதம் மறைந்தது. மாதமொருமுறை வகுப்பே கூடி, ஊர்ச் செய்திகளை ஒரு பக்கத் தாளாக எழுதி, படமெடுத்துத் தந்தையர் தொலைபேசிகளுக்கு அனுப்பினால், பேச்சினாற் போன எழுத்து அதே கருவியின் வழியே திரும்பும்.

தமிழ்நாட்டரசு 2022 இல் 4, 5 ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கென ‘ஊஞ்சல்’ என்றும், மேல்வகுப்பினர்க்கெனத் ‘தேன்சிட்டு’ என்றும் இதழ்கள் தொடங்கி, மாணவர் ஆக்கங்களுக்கும் அவற்றில் இடமளித்தது. நல்ல முயற்சியே. ஆயினும் மாநிலம் முழுவதற்குமான இதழிற் சிலரே எழுத முடியும். வகுப்பு நூலிலோ கடைசி வாங்கில் இருப்பவனுக்கும் ஒரு பக்கம் உண்டு.

இதற்கு நேரமெங்கே என்று ஆசிரியர் கேட்பர். கேள்வி நியாயமானதே. தரம் 5 புலமைப்பரிசிற் பரீட்சை தரம் 3 இலேயே வகுப்பறைக்குள் நுழைந்துவிடுகின்றது. பெற்றோர் மாதிரி வினாத்தாளையே கேட்கின்றனர். எமது விடை இது: தரம் 3, 4 ஆகிய இரு வகுப்புக்களில், தவணைக்கு ஒரு நூல், வாரத்துக்கு இரு பாடவேளை. அதற்குமேல் வேண்டா. சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்னும் பாடம், ஊரை விசாரித்தறிய இடந் தந்தே இருக்கின்றது. தமிழ்ப் பாடவேளையை அதனோடு இணைத்தாற் போதும்.

பழைய மாணவ அன்பர்கள் தத்தம் ஊர் ஆரம்பப் பாடசாலைகளுக்கு உதவ முன்வரும்போது, பெரிய திரைப்பலகையையே முதலில் நினைக்கின்றனர். திறப்பு விழாவுக்கு அது அழகு. கடலோரத்து உப்புக்காற்றில் எவ்வியந்திரமும் வெகுகாலம் நில்லாது என்பதை இவ்வூரார் அறிவர். ஒரு சிறு அச்சுப்பொறி, மூன்றாண்டுக்கு வேண்டிய மை, தாள், தைப்பதற்கு ஊசியும் நூலும், கெட்டி அட்டை என்பவற்றை ஒரு வகுப்புக்குத் தருவது அதனிலும் மலிவு. அலுவலகங்களில் ஒருபக்கம் வெறுமையாய்க் கழிக்கப்படும் தாள்கள் முதற்படி எழுதப் போதும். ஆகும் நூலில் நான்கு படிகள் வேண்டும். ஒன்று வகுப்பு அலுமாரிக்கு, அடுத்த ஆண்டுப் பிள்ளைகள் வாசித்து விட்ட இடத்திலிருந்து எழுதுவதற்கு. ஒன்று பரிமாறும் பாடசாலைக்கு. ஒன்று முறைவைத்து வீடுகளுக்கு. நான்காவது, 2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் போன்ற சேமிப்பகத்துக்கு. கல்லூரி மலர்கள் பல அங்கே ஏற்கெனவே இடம்பெற்றுள்ளன. தரம் 4 பிள்ளைகள் எழுதிய கரைவலை நூலுக்கும் அவற்றின் பக்கத்தில் ஓரிடம் இருக்கலாம்.